மூன்று நாள் பாகற்காய்

மூன்று நாட்களாகப் பாகற்காயும் மோருமாகவே காலம் தள்ளியிருந்தார் தம்புசாமி. அப்படியும் கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் மனைவி அமுதவள்ளி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவள்போல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

போன தடவையே டாக்டர் ஹேமா கறாராகச் சொல்லியிருந்தார். "அங்கிள், மூணு மாசம் டைம் தரேன். ரீடிங் எட்டுக்குக் கீழ வரலைன்னா இன்சுலின்தான். தினமும் வயித்துல நீங்களே ஊசி போட்டுக்கணும்."

ரயில்வேயில் முப்பது வருடம் தண்டவாளம் பார்த்த மனிதர் தம்புசாமி. பாம்பைக் கண்டுகூட அசைந்ததில்லை. ஊசி என்றால் மட்டும் உயிர் போய் உயிர் வரும்.

ஆனால் நாக்கு கேட்க வேண்டுமே! அன்று மாலையே ஃப்ளாட்டுக்குக் கீழே இருந்த கடையில் இனிப்பு டின்பால் ஊற்றி நுரை ததும்ப ஆற்றிய டீ, ஒரு தே தாரே, வாங்கிக் குடித்தார். இரண்டு வாரம் போயிருக்கும், "டின்பால் முடிஞ்சு போச்சு அங்கிள்" என்று அந்தக் கடையில் தினமும் கையை விரித்தார்கள். நாலு தெரு தள்ளி இன்னொரு கடையைப் பிடித்தார். கொஞ்ச நாளில் அங்கேயும் அதே பாட்டு.

குடியிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸே வேண்டாம் என்று கடைசியில் அடுத்த பேட்டையான பங்சாரில் ஒரு கடையைக் கண்டுபிடித்தார். மோட்டார் சைக்கிளை எடுத்தால் சத்தம் கேட்டு அமுதவள்ளி எட்டிப் பார்ப்பாள். அதனால் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, நடைதான்.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன் வள்ளி."

"மெதுவா போயிட்டு வாங்க."

பிரிக்ஃபீல்ட்ஸிலும் அக்கம்பக்கத்திலும் பாதிக் கடைகளுக்கு இடியாப்பம் போடுகிறவள் அமுதவள்ளி. மாலையில் மாவு பிசையவே அவளுக்கு நேரம் சரியாக இருக்கும். கோயிலுக்குப் போனவர் நெற்றியில் திருநீறு இல்லையே என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பாவம், இப்படி நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று தம்புசாமிக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. கிளாஸ் கைக்கு வந்ததும் அது சரியாகிவிடும்.

இடையில் இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வார், தோல் தொய்ந்து நீண்டுவிட்டது என்று கடைக்காரனைத் திட்டினார்.

டாக்டரை ஏமாற்றத்தான் இந்தக் கடைசி மூன்று நாள் பாகற்காய்.

நம்பர் வந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

"அங்கிள், மூணு நாளா வாயைக் கட்டியிருப்பீங்களே?" என்றார் டாக்டர் ஹேமா.

தம்புசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"எல்லாரும் அப்படித்தான்லா செய்றாங்க. ஆனா இந்த டெஸ்ட்கிட்ட அது பலிக்காது. மூணு மாசமா ரத்தத்துல சீனி எவ்வளவு ஓடுச்சுன்னு மொத்தமா காட்டிடும்."

போச்சு! தம்புசாமி தன்னையறியாமல் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டார்.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். "போன தடவை ஒன்பது புள்ளி நாலு. இப்போ ஏழு புள்ளி ஒண்ணு! எடையும் நாலு கிலோ குறைஞ்சிருக்கு. மருந்து அதேதான். என்ன அங்கிள் செஞ்சீங்க? நடக்கிறீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அமுதவள்ளி முந்திக்கொண்டாள். "தினமும் கோயிலுக்கு நடந்துதான் போறாரு டாக்டர்."

"அதானே பார்த்தேன்! நடக்கும்போது தசை ரத்தத்துல இருக்கிற சீனியை இழுத்து எரிச்சிடும். இப்போதைக்கு ஊசி வேணாம். நடையை மட்டும் விட்டுடாதீங்க. முடிஞ்சா இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

வெளியே வந்த தம்புசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை ஏமாற்றியாயிற்று, டாக்டரை ஏமாற்றியாயிற்று, சொந்த ரத்தத்தையே ஏமாற்றியாயிற்று! நாளைக்குப் பங்சாரில் இரண்டு கிளாஸ், கூடவே ஒரு ரொட்டி சானாய் என்று மனத்துக்குள் ஆர்டர் கொடுத்துக்கொண்டே மருந்து வாங்கப் போனார்.

மருந்துப் பையோடு திரும்பியபோது அமுதவள்ளி அவருக்கு முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பங்சார் கடை அண்ணேதானே? டாக்டர் நடையை இன்னும் கூட்டச் சொல்லிட்டாங்க. நாளையிலேர்ந்து அவருக்கு உங்க கடையிலயும் டின்பால் முடிஞ்சு போச்சு!"