எல்லாக் கட்டத்திலும் டிக்

திருடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடுதான் அவள் அன்று டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்தாள்.

"என்ன டைம்டேபிள், சாப்பிடாமலே சாப்பாட்டுக்கு டிக் அடிச்சிட்டியா?" என்றாள் ரிசப்ஷன் பெண். மற்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். காலையில் வந்ததும், மெஷின் சூடாகிற பத்து நிமிடத்தில் டைரியைத் திறப்பாள். அன்று இரவு படிக்க வேண்டிய பாடங்களைக் கட்டம் போட்டு எழுதுவாள். முந்தின நாள் கட்டங்களில் டிக் அடிப்பாள். டெக்னீஷியன் தேர்வுக்காக ஏழு மாதமாக இப்படித்தான்.

"குறிக்கோள்னா இப்படி இருக்கணும். நீங்களும் இருக்கீங்களே, நாளைக்கு என்ன வேலைன்னு கேட்டா நாளைக்குச் சொல்றேங்கறீங்க" என்று கூடத்தின் சீஃப் அந்த டைரியை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டியிருக்கிறார். அப்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடக்கமாவது ஒன்றாவது. வீட்டுக்குப் போனால் புத்தகம் மடியில் இருக்கும், போன் கையில் இருக்கும், கண் சொருகிவிடும். காலையில் அந்தக் காலிக் கட்டங்கள் அவளையே பார்க்கும். முதலில் ஒன்றிரண்டுக்குத்தான் பொய்யாக டிக் அடித்தாள். பிறகு கை பழகிவிட்டது.

எழுத்துத் தேர்வையும் அப்படியேதான் போய் எழுதிவிட்டு வந்தாள். அதில் தேறினால் அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, அப்புறம் நிரந்தர வேலை. அதற்கும் இப்போதே கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். தேறாவிட்டால் இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. முடிவு இன்றைக்கு வர வேண்டும்.

இந்த நேரத்தில்தான், கொஞ்ச நாளாக, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் டைரி வைத்த இடத்தில் இருப்பதில்லை. யாரோ புரட்டுகிறார்கள். ஒவ்வொரு டிக்கையும் பார்த்து, 'நம்பற மாதிரியா இருக்கு?' என்று யாரோ தனக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். அதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

சத்தமில்லாமல் கதவைத் தள்ளினாள்.

அவளுடைய மேசைக்கு முன்னால் டியூப் கழுவுகிற அக்கா நின்றிருந்தார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார். டைரி விரிந்திருந்தது, அதன் வரிகளின் மேல் அக்காவின் விரல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா!"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லம்மா, வந்து..."

"என்ன வந்து? அடுத்தவங்க டைரியைத் திருட்டுத்தனமாப் பார்க்கறீங்களே, வெக்கமா இல்ல?"

"ஒரு நிமிஷம் கேளும்மா..."

"முந்தாநாள் என்னமோ, 'டியூபை எதிரெதிரா வைக்கலைன்னா சுத்தற மெஷின் ஏம்மா ஆடுது'ன்னு வாயைக் கிளறினீங்க. இன்னிக்கு டைரி. இதைப் படிச்சு என்ன கிழிக்கப்போறீங்க? டியூபைக் கழுவினோமா, போனோமான்னு இருக்க முடியாதா?"

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பது அவளுக்கே தெரிந்தது. வாசலில் கும்பல் கூடியிருந்தது. ரிசப்ஷன் பெண் கையில் சோற்றுப் பருக்கையோடு நின்றாள். அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்ன சத்தம் இங்க?" சீஃப் ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"சார், இவங்க தினமும் என் டைரியை எடுத்து..."

"இருக்கட்டும்மா, அப்புறம் பேசலாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ரிசல்ட் வந்துடுச்சு. உன் நம்பர் இல்ல. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

ஃப்ரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"எனக்கே புரியலம்மா. ஒரு நாள் விடாம முடிச்சிருந்தியே. பேப்பரை ஒழுங்காத் திருத்தினாங்களோ என்னமோ. நான் வேணா மறு திருத்தத்துக்கு எழுதிக் கேட்கட்டுமா?"

"வேண்டாம் சார்." அவள் டைரியை எடுத்து மூடினாள். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நம்ம இடத்துலேர்ந்து ஒரே ஒருத்தர்தான் பாஸ்." சீஃப் தாளை மேசை மேல் வைத்தார். "பன்னிரண்டாவது முடிச்ச யார் வேணும்னாலும் எழுதலாம்கறது உங்க யாருக்குமே ஞாபகம் இல்ல. இவங்களுக்கு இருந்தது. ஃபெயிலானா சிரிப்பாங்க, வெளியில சொல்லாதீங்க சார்னு அப்ளிகேஷன்ல என் கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க."

அவர் அக்காவைக் காட்டினார்.

கும்பல் ஒரேயடியாகக் கத்தியது. அக்கா அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. நேராக அவளிடம் வந்து, ஈரம் காயாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோச்சுக்காதம்மா. கேக்காம எடுத்தது தப்புதான். எதை எப்பப் படிக்கணும்னு எனக்குச் சொல்ல யாரு இருக்கா? நீ போட்ட கட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் என் பொண்ணோட பழைய புத்தகத்துல படிச்சேன். தூக்கம் தள்ளும். இந்தப் பொண்ணு நாளெல்லாம் நின்னு வேலை பார்த்துட்டுப் போயி அத்தனையும் முடிக்குது, உனக்கென்ன கேடுன்னு என்னையே திட்டிக்குவேன்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். அக்கா விடவில்லை.

"உன் கூடவே வந்துட்டேம்மா, ஒரே ஒரு நாள் தவிர," என்றார் அக்கா, நிஜமான ஆச்சரியத்தோடு. "ஒரே ராத்திரியில நாலு பாடம்... அதை மட்டும் நீ எப்படிம்மா முடிச்சே?"