தூணுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்கும் சோதனை உலைக்குள் வைத்தால் எழுபது நிமிடத்தில் அந்தத் தூண் மடங்கிவிடும் என்பது ஆராய்ச்சி மாணவி மங்கையர்க்கரசியின் கணக்கு. கான்கிரீட் நிரப்பிய இரும்புக்குழாய்த் தூண், தலைமேல் நூறு டன் பாரம், சுற்றிலும் தீ. இரண்டு மணி நேரமாகியும் அது அசரவில்லை. உலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் உச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதை அப்போதுதான் பார்த்தாள்.

"யாருண்ணே இதைக் கட்டினது?"

"நான்தாம்மா. நான் செஞ்ச தூணு, கண்ணு பட்டுடக் கூடாதில்ல?" என்றார் வெல்டர் சூசைராஜ்.

"விழறதுக்குன்னே செஞ்ச தூணுண்ணே இது! அவுத்துடுங்க."

திருஷ்டிப் பழத்தைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. மூடநம்பிக்கையைத் திட்டிக்கொண்டே அவளே நீளக் கம்பியால் கயிற்றை இழுத்தாள். பழம் தரையைத் தொடுமுன் தூண் மடங்கியது.

அறிக்கையில் ‘மடங்கியதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தவள், இன்னும் எடுக்கவில்லை.