சாத்திய கதவு

செஞ்சி கடைத்தெருவில் எங்கள் மாலை டைப்ரைட்டிங் வகுப்பு நடக்கிறது. அங்கே கக்கூஸைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவ வேண்டும். நெடி வெளியே வரக்கூடாது என்பது மாஸ்டரின் உத்தரவு. பிளீச்சிங் பவுடரில் ஆசிட் ஊற்றிக் கழுவிய குஞ்சம்மாள் போன மாதம் இருமி இருமியே செத்துப்போனாள்.

இன்று புதிதாகக் கழுவ வந்த பச்சையம்மாள் கதவருகே தயங்கினாள்.

“உள்ள யாரோ இருமறாங்க, சார்.”

“உடம்பு வணங்கலன்னா இருமலும் கேக்கும், பாட்டும் கேக்கும். சாத்திக்கினு கழுவு.”

அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் இரண்டு பேர் இருமுவது கேட்டது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பச்சையம்மாள் கண்ணீர் வழிய வெளியே ஓடிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே யாரும் இல்லை. இருமல் மட்டும் நிற்கவில்லை.

“நெடி வருதுப்பா,” என்றார் மாஸ்டர். “கதவ சாத்து.”