அக்கா வீட்டு மொய்

“மைக்கப் புடுங்கி நானே பேசப்போறேன். ஊரு சனமே கேட்டுக் காறித் துப்பட்டும்!”

பந்தியில் போட்ட இலையைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டாள் லோகநாயகி. சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கத்து மண்டபத்தில், தம்பி ராஜாமணியின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. வாசலில் இரண்டாள் உயரத்துக்கு டிஜிட்டல் பேனர்; அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பி நின்றான் ராஜாமணி.

அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. லோடு ஆட்டோ வாங்கவேண்டும் என்று அவன் வந்து அழுதபோது, கழுத்துச் செயினை அடகு வைத்து அறுபதாயிரம் கொடுத்தவள் அவள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கூடப்பிறந்தவனிடம் சீட்டு எழுதி வாங்குவதா என்று அளக்காமலே போட்டுவிட்டாள்.

செயின் இன்னும் அடகில்தான் கிடக்கிறது. ‘தானே’ புயலில் கடலூர் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோய், இன்றுவரை தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும்.

காலையில் அத்தை முறைக்குப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிய ஈரக் கையோடு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். “எந்தப் பணம்க்கா? விசேச வூட்டுல வந்து என்னா பேச்சு இது?” என்று சிரித்துக்கொண்டே நழுவிவிட்டான்.

“எந்தப் பணம்னு கேக்குறான் பாருங்க! அவன் நாக்கு அழுவிப்போவாது?” என்று புருஷன் உத்திராபதியிடம் பொரிந்து தள்ளினாள். முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் உத்திராபதி அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, “சரி, சரி, நாலு பேரு பாக்குறாங்க” என்றார்.

“பாக்கட்டுமே! இப்புடி வாய மூடிக்கிட்டே இருங்க, தலையில மொளகா அரைப்பான்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியம்மா தைலம்மாள், நிலவரம் தெரியாமல் குழந்தையின் காதைப் பிடித்துப் பார்த்தாள். “என்னாடி லோகு, புள்ளைக்கு மூணு வயசாவுது, இன்னும் காது குத்தலயா?”

“கூரைக்கே வழியக் காணோம், காதுகுத்து ஒண்ணுதான் கொறச்சல்!” லோகநாயகி போட்ட போட்டில் தைலம்மாள் வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

மேடைக்குக் கீழே மேஜை போட்டு மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். “நெல்லிக்குப்பம் கண்ணாயிரம் குடும்பத்தார், ஆயிரத்து ஒன்று!” என்று மைக் அலறியது.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் ஏறியது. “இந்தக் கண்ணாயிரம் வூட்டுக் கல்யாணத்துக்குப் போன தையில இவன் எப்புடிப் போனான் தெரியுமா? குளுர் காச்சல்ல ஒடம்பு நடுங்குது, கம்பளியப் போத்திக்கிட்டுப் போயி மொய் வச்சிட்டு வந்தான். வாங்குனதுக்கு மேல நூறு சேத்து! ஏண்டா இப்புடின்னு கேட்டா, மொய்யத் திருப்பலன்னா ஊருல தல காட்ட முடியாதுக்காங்கிறான். கடன் குடுத்தவ நாயி, மொய் வச்சவன் சாமியா?”

உத்திராபதி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குழந்தையை அவள் மடியில் இறக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

“நீ உக்காரு. நான் பேசுறேன்.”

அப்பாடா, இன்றைக்காவது மனிதருக்கு ரோஷம் வந்ததே! அவர் நேராகப் போய் மைக்கை வாங்கினார். மேடையிலிருந்த ராஜாமணியின் முகம் செத்துப்போயிற்று. விழுந்தடித்துக்கொண்டு கீழே இறங்கி ஓடிவந்தான். வரட்டும், நல்லா மாட்டினான் என்று லோகநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் ராஜாமணியோட அக்கா வூட்டுக்காரன். எங்க மொய் அறுபதாயிரம். பணம் முன்னாடியே மச்சான் கையில குடுத்தாச்சு. வாங்கிட்டியா மச்சான்? நீயே சொல்லு.”

ஒரு நிமிடம் ராஜாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் வாயெல்லாம் பல்லாக மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

“வாங்கிட்டேன்! அறுபதாயிரத்தையும் எங்க மாமா அப்பவே எங்கையில குடுத்துட்டாரு! எங்கக்கா வூட்டு மொய்! எழுதுங்கப்பா!”

மண்டபமே கைதட்டியது. இளவட்டங்கள் விசிலடித்தார்கள். ராஜாமணி மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றான்.

லோகநாயகிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடகில் கிடக்கும் செயின் போயிற்று, கூரை போயிற்று, இனி அந்தப் பணத்தை எந்த வாயால் கேட்பது? புருஷன் திரும்பி வந்து உட்காரும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை.

“தார வாத்துட்டு வந்துட்டீங்களா? எங்கழுத்துல கெடந்ததக் கழட்டிக் குடுத்த பணம்யா அது! அவன் ஏமாத்துனான்னா, நீங்க நாலு பேரு முன்னாடி தண்ணியே தெளிச்சு வுட்டுட்டீங்களே! நீங்கல்லாம் ஒரு மனுசனா?”

அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. உத்திராபதி வந்து உட்கார்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூளிக் காதைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“கண்ணத் தொடச்சுக்க லோகு. வர்ற ஆவணியில பாப்பாவுக்குக் காதுகுத்து.”