வெர்டெலின் மூன்று குரல்கள்

பிலடெல்பியா முழுவதும் டிஸ்கோ ஆடிய அந்நாட்களில், ஒரு பாடலுக்கான மூன்று பெண் குரல்களையும் வெர்டெல் ஒருத்தியே பாடிக்கொடுத்தாள். இசைத்தட்டின் அட்டையிலோ மூன்று விளம்பர அழகிகள் சிரித்தனர்.

“என் பேரு எங்க, மார்ட்டி?”

“ஆட வர்றவன் அட்டையப் படிக்கவா போறான்? வீட்டுக்குப் போ, கண்ணு,” என்றார் தயாரிப்பாளர்.

“போறேன். என் குரலையும் கூட்டிட்டுப் போறேன்.”

“டேப்பு எங்கிட்டல்ல இருக்கு!” என்று சிரித்தபடி அவர் அதை ஓடவிட்டார்.

டிரம்மும் வயலின்களும் முழங்கின. பாட்டு வரவேண்டிய இடத்தில் ஒலியளவைக் காட்டும் கருவியின் முள் வழக்கம்போல் துள்ளியது. குரல் மட்டும் கேட்கவில்லை. மார்ட்டி ஒலியைக் கூட்டினார். முள் உச்ச அளவின் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

வெர்டெல் மேலங்கியை நிதானமாக அணிந்துகொண்டு படியிறங்கினாள்.

“பேரப் போடுறேன், நில்லு!”

அவள் திரும்பவில்லை, வாயைத் திறக்கவுமில்லை. அவளைச் சூழ்ந்து மூன்று குரல்களும் பாடிக்கொண்டே தெருவில் இறங்கின.