தார் இல்லாத நாலு கிலோமீட்டர்

"இது மலை ஏறுற டயர் சார். உங்க வண்டி எங்கே ஏறப்போகுது?"

டயர் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையிலிருந்து அவள் தொண்டை வறளக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே கேள்விதான்.

அவள் கணவன் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். மோட்டார்களை ஏற்றி இறக்கத்தான் அந்த பிக்கப் வண்டி. வீடு, பட்டறை, வாடிக்கையாளர் வீடு. மூன்றுக்கும் நடுவே வழவழவென்று தார் ரோடு. நாலு டயரும் தேய்ந்துவிட்டதென்று, தபால் ஆபீஸில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளும் கூடவே வந்திருந்தாள். வந்தது நல்லதாய்ப் போயிற்று.

சுவரோரம் இரண்டு வகை டயர்கள் சாய்ந்திருந்தன. ஒன்று சாது. மற்றது முதலை முதுகு மாதிரி கட்டம் கட்டமாய் ஆழ வெட்டியது. அவன் கை முதலையின் மேல்தான் இருந்தது.

"விலை கூடினதை வித்தா எனக்குத்தான் லாபம். இருந்தாலும் சொல்றேன்," என்றார் கடைக்காரர். "இந்த ஆல்-டெரெய்ன் டயர் சேறு, சரளைக்குத்தான் சரி. தார் ரோட்டுல ஊய்னு சத்தம் போடும். டீசல் குடிக்கும். நீங்க ரோட்டுலதானே ஓட்டுறீங்க?"

"பெரும்பாலும் ரோட்டுலதான்," என்றான் அவன்.

"பெரும்பாலும் என்ன பெரும்பாலும்? முழுக்க முழுக்க ரோட்டுலதான்," என்றாள் அவள்.

அவன் டயரை அழுத்திப் பார்த்தான்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஆம்பிளைகளுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்று ஆபீஸ் தோழி சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் தோழியின் வீட்டுக்காரருக்குக் கூலிங் கிளாஸோடு போயிற்று. இவனுக்கு டயரில் வந்து நிற்கிறது.

"யார் பார்த்து மெச்சணும்னு இந்த ஆசை?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"யாரும் பார்க்க வேண்டாம்."

அதற்குள் கடையின் ஃபிட்டர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி உருட்டி வந்தார். ஐம்பது வயசு ஆள். சக்கரத்தைப் படுக்க வைத்து, குனிந்து, வெட்டுக்குள் சிக்கியிருந்த எதையோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார்.

"முழுக்க ரோடுன்னா சொன்னீங்க, மேடம்? ரோட்டுல ஓடுற டயர் வழுக்கையா தேயும். இதுல பாருங்க, பக்கமெல்லாம் கீறல்."

நெம்பியதை அவள் உள்ளங்கையில் வைத்தார். நீலம் பாய்ந்த கருங்கல் சில்லு. பிறகு மட்கார்டுக்குள் கைவிட்டுச் சுரண்டினார். காய்ந்த செம்மண் பாளமாக விழுந்தது.

"வாரத்துல ரெண்டு தடவையாவது கல்லுல ஏறி இறங்குற வண்டி இது."

ஊர் முழுக்கக் கரிசல். செம்மண்ணும் இந்தக் கல்லும் சேர்ந்து கிடப்பது கல் குவாரிப் பக்கம்தான். அங்கே போக, கடைசி நாலு கிலோமீட்டருக்குத் தாரே கிடையாது.

அந்தப் பக்கம் அவளுக்குத் தெரிந்த வீடு ஒன்றே ஒன்று. அவளுடைய அண்ணன் வீடு.

மூன்று வருஷம் முன்பு அம்மா இறந்தபோது, முகம் பார்க்கக்கூட வராத அண்ணன். ஒரு மாதம் கழித்து வாசலில் வந்து நின்றவரை, ஒரு வார்த்தை பேசவிடாமல் கதவைச் சாத்தினாள். அன்றோடு அந்தப் பேரே வீட்டில் அடிபடுவதில்லை.

"அண்ணன் வீட்டுக்கா போறீங்க?"

அவன் அவளை வண்டியின் மறுபக்கம் கூட்டிப் போனான்.

"செவ்வாயும் வெள்ளியும். அவருக்கு டயாலிசிஸ். ரெண்டு கிட்னியும் போச்சு. அந்த வழியில ஆட்டோ வராது. போன வாரம் மழையில வண்டி சேத்துல மாட்டி ஒரு மணி நேரம் நின்னுட்டோம். மூச்சு விட முடியாம என் தோள்ல சாஞ்சுட்டார். பயந்தே போயிட்டேன்."

"எத்தனை நாளா இது?"

"பத்து மாசமா. அந்தப் பக்கம் மோட்டார் மாட்டப் போனேன். பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டிருந்தார். ஆள் அடையாளமே தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். இன்னைக்கு டயர் சொல்லிடுச்சு, நான் என்ன பண்ண?"

அவள் கடைக்காரரிடம் போய், "நாலும் அந்த முரட்டு டயரே போட்டுடுங்க. சத்தம் வந்தா வந்துட்டுப் போகட்டும்," என்றாள்.

ஃபிட்டர் வேலையை ஆரம்பித்தார். இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள். "உயிர் விஷயம், அதனால போங்கன்னு சொல்றேன். பெத்த அம்மா முகத்தைப் பார்க்க வராதவரை என்னால மன்னிக்க முடியாது."

சத்தியத்தில் பாதி போயிற்று, மீதியை மட்டும் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"உங்க அம்மா இறந்த அன்னைக்குக் காலையிலதான் அவரை ஐ.சி.யூ.ல சேர்த்தாங்க. அண்ணி உனக்குச் சொல்றதுக்குப் போனை எடுத்திருக்காங்க. அவர்தான் கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கார்."

"ஏன்?"

"'தங்கச்சி ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு அழ வேண்டாம்'னு."