மூக்கில் தொங்கிய பிளக்

சாவியைத் திருப்பினால் கார் ஒருதரம் முனகியது. பிறகு அதுவும் இல்லை.

மரியதாசன் மாதாவைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி திருப்பினான். மாதா வந்திருக்கலாம், கார் வரவில்லை.

மொன்றியலுக்கு அந்த வருடத்தின் முதல் கொடுங்குளிர் இரவோடிரவாக வந்து இறங்கியிருந்தது. பின்னேரம் மிராபெல் விமான நிலையத்தில் அவன் மனைவி றோசலின் வந்து இறங்குகிறாள், அவன் இன்னும் கண்ணால் காணாத மகளோடு. சொந்தக் காரில் வந்து ஏற்றுவேன் என்று எழுதியிருந்தான். பெரிய கார் என்றும் எழுதியிருந்தான். ஏலத்தில் எடுத்த பழைய பொலிஸ் கார் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவள் பிளேன் ஏறியிருக்கமாட்டாள்.

மலிவாகக் கிடைத்த கார். மலிவுக்குக் காரணம் வயரிங்.

கூரையிலிருந்த சுழல்விளக்கைக் கழற்றியவர்கள் சைரனைக் கழற்ற மறந்துபோனார்கள். ஹீற்றரைப் போட்டால் ஹோன் அடித்தது. சிக்னலைப் போட்டால் வைப்பர் ஆடியது. பிரேக்கை அழுத்தினால் சைரன் ஊளையிட்டது. ஒருநாள் சிவப்பு விளக்கில் நிறுத்தப்போக, முன்னால் போன கிழவி பயந்துபோய்க் காரை ஓரங்கட்டி, இறங்கி, லைசென்சை நீட்டிக்கொண்டு வந்தாள். அகதி வழக்கே இன்னும் முடியாத மரியதாசன் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல்லான "மெர்சி"யைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

இத்தனை பேய்களையும் ஓட்டியவர் அருளம்பலம். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களுக்கு வயரிங் செய்தவர். இங்கே மரியதாசனோடு ஒரே வீட்டில் இருப்பவர். பற்றரிக் கறண்ட் நாய்க்குட்டி மாதிரி, நக்கும், கடியாது என்பார்.

ஆனால் வீட்டுக் கறண்டுக்குக் கிட்டவும் போகமாட்டார். கேத்திலின் பிளக்கைச் சுவரில் செருகுவதற்குக்கூட வேறு யாராவது வரவேண்டும். வேலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை தேத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். கறண்டுக்குப் பயந்த கறண்டுக்காரன் என்று வீடு முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

கார் வந்த முதல் நாளே, பொனெற்றைத் திறக்கவும் முன்பு, அவர் செய்த வேலை ஒன்று உண்டு. காரின் முன்தட்டிக்குள்ளிருந்து மூக்கணாங்கயிறு போல ஒரு வயர் தொங்கியது. நுனியில், சுவரில் செருகுகிற வீட்டுப் பிளக். அருளம்பலம் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். குறட்டால் வெட்டினார். குப்பைத் தொட்டியில் போட்டு, மூடியை அழுத்தி மூடினார்.

வைத்தியன் வெட்டும்போது வீட்டுக்காரன் கேள்வி கேட்பதா என்று மரியதாசன் பேசாமல் இருந்துவிட்டான்.

இப்போது அந்த மூக்கைத்தான் லூசியன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கியூபெக்காரன்; முனகல் கேட்டு வெளியே வந்தவன். வெட்டுண்ட வயரைத் தொட்டுப் பார்த்துத் தலையில் கைவைத்தான். பிறகு தன் காரைக் காட்டினான். அதன் மூக்கிலிருந்து புறப்பட்ட வயர் பனியில் ஊர்ந்து, சுவரேறி, கட்டடத்தின் கறண்டில் போய் முடிந்தது.

எஞ்சினைத் தட்டி, "ஷோ! ஷோ!" என்றான்.

மரியதாசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனுசன் சாகிற நேரத்தில் இவனுக்கு ஷோ கேட்கிறதா?

லூசியன் இரண்டு கைகளையும் தேய்த்து, ஊதி, நெருப்புக் காய்ந்து காட்டிய பிறகுதான் விளங்கியது. பிரெஞ்சில் சூட்டுக்கு ஷோ. இந்த ஊர்க் கார்கள் குளிர் இரவுகளில் வீட்டுக் கறண்டைக் குடித்து எஞ்சினைச் சூடாக வைத்திருக்குமாம். குடிக்காத கார் விடியக் கண் திறவாதாம்.

மரியதாசன் திரும்பினான். படியில் கம்பளிக்குள் நின்றுகொண்டிருந்தார் அருளம்பலம்.

"என்னத்துக்கு அண்ணன் இத வெட்டின நீங்க? அவள் பிள்ளையோட அங்க வந்து நிக்கப்போறாளே!"

அருளம்பலம் இறங்கி லூசியனின் காரடிக்குப் போனார். வயரைத் தொடாமல், சுவரிலிருந்து மூக்குவரை அதன் கூடவே நடந்தார். பிறகு பக்கவாட்டில் வந்து, கண்ணாடியில் நெற்றி முட்ட, பின்சீற்றை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு குழந்தையின் கையுறைதான் கிடந்தது.

"பொலிஸ் காரிலை வீட்டுக் கறண்டுக்கு ஒரு பிளக், தம்பி," என்றார். "ஊரிலை பொலிஸ் பிடிச்சு வைச்சு எனக்குப் பூட்டினதும் இப்பிடி ஒரு வயர்தான். நான் என்னத்தை நினைக்கிறது?"

மரியதாசனுக்குக் கேத்தில் நினைவுக்கு வந்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் அவன்தான். வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

லூசியன் புதுப் பிளக் வைத்த வயர்த்துண்டு ஒன்று கொண்டுவந்தான். அருளம்பலம் உட்கார்ந்து, முறுக்கி, கறுப்பு ஒட்டுரேப் சுற்றினார். உயிரில்லாத வயர்தானே. முடிந்ததும் பிளக்கை மரியதாசனிடம் நீட்டிவிட்டுத் தூரப்போய் நின்றுகொண்டார்.

மரியதாசன் செருகினான்.

மத்தியானம் சாவியைத் திருப்ப, கார் எழும்பியது. ஹோனும் சேர்ந்து ஒருதரம் அடித்து ஓய்ந்தது. அவன் இறங்கிப்போய்ப் பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டிக் கட்டிய பிறகே அருளம்பலம் கிட்ட வந்தார். பொனெற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"வெறும் ஷோ, தம்பி," என்றார்.